முன்வாசல் அகலம், பின்வாசல் ஒடுக்கம்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கோர்ட்டின் பொதுச் சேவைகள்

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டுக்கு 36 கட்டடங்கள், 600-ஐ ஒட்டிய விசாரணை அறைகள். கவுண்டியின் மக்கள்தொகை ஒரு கோடியை நெருங்குகிறது. அமெரிக்காவின் விசாரணை நீதிமன்றங்களில் இதைவிடப் பெரியது கிடையாது. வாடகை முன்பணம், டிராஃபிக் டிக்கெட், விவாகரத்து, பெயர் மாற்றம், பெற்றோர் விட்டுப்போன சொத்து என்று சாதாரணக் குடும்பத்துக்கு வரக்கூடிய எல்லாமே இங்கேதான் வந்து சேரும். வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கு இந்தக் கோர்ட் என்னென்ன தருகிறது, அதில் எது உருப்படியாக வேலை செய்கிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

வழக்கைத் தொடங்குவதற்கான உதவி இங்கே தாராளம். வழக்கு முடிந்த பிறகு பணத்தை வசூலிக்கவோ, அப்பீலுக்குப் போகவோ தேவையான உதவி சொற்பம். எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முதலில் ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சிறு தொகை கேட்டுப் போடும் வழக்குகள். கோர்ட்டின் சேவைகளில் காசுக்கு அதிகம் பெறுமானம் உள்ளது இதுதான். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், நிறுவனம் என்றால் 6,250 வரை. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் வரம்பு. கேட்கும் தொகை 1,500 டாலருக்குள் இருந்தால் கட்டணம் 30, 5,000 வரை 50, அதற்கு மேல் 75. 2,500 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளை ஒரே ஆண்டில் இரண்டுக்கு மேல் போட முடியாது. விசாரணையில் இரு பக்கமும் வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாது. வாதி தோற்றால் அவருக்கு அப்பீல் கிடையாது. பிரதிவாதி தோற்றால் 30 நாளுக்குள் அப்பீல் போடலாம், அங்கே மறுபடி முதலிலிருந்து விசாரணை. வழக்குப் போட்டவருக்கு ஒரே வாய்ப்பு என்பதைப் பலர் தீர்ப்பு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

வழக்குப் போடும் எஸ்சி-100 படிவத்தை நிரப்புவது பெரிய காரியமில்லை. வழக்குகள் சறுக்குவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பிரதிவாதியின் பெயர். கடை போர்டில் இருக்கும் பெயரை அப்படியே எழுதிவிட்டால், தீர்ப்பு கிடைத்தாலும் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது. எல்எல்சியா, கார்ப்பரேஷனா என்பதை மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையத் தேடலில் பார்த்து, அதில் உள்ள சட்டப்படியான பெயரையும், நோட்டீஸ் வாங்க நியமிக்கப்பட்டவரின் பெயரையும் எடுத்து எழுத வேண்டும். தனி முதலாளி நடத்தும் கடை என்றால் முதலாளி பெயர், கடைப் பெயர் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது, சம்மன் சேர்ப்பது. நம்மூரில் கோர்ட் அமீனா சம்மனோடு வாசலில் வந்து நிற்பார். இங்கே அந்தப் பொறுப்பு வாதியின் தலையில். வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய யாரும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், வாதி மட்டும் கொடுக்கக் கூடாது. பிரதிவாதி இதே கவுண்டியில் இருந்தால் விசாரணைக்கு 15 நாள் முன்பாகவும், வேறு கவுண்டியில் இருந்தால் 20 நாள் முன்பாகவும் நேரில் சேர்ந்திருக்க வேண்டும். அவர் வீட்டில் வேறொரு பெரியவரிடம் கொடுத்துவிட்டுத் தபாலிலும் ஒரு நகல் அனுப்பினால், அதற்கு மேல் பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். கோர்ட் கிளார்க்கே சர்ட்டிஃபைடு தபாலில் அனுப்பும் வசதியும் உண்டு. மலிவு என்று பலரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் ரசீதில் பிரதிவாதியே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் வாங்கியிருந்தாலோ, கையெழுத்து கிறுக்கலாக இருந்தாலோ நீதிபதி ஏற்காமல் விடலாம். வாய்தா விழும், நாள் வீணாகும். கூலி கொடுத்து ஆள் வைத்து நேரில் கொடுப்பதே நிம்மதி. கொடுத்தவர் கையெழுத்திட்ட எஸ்சி-104 படிவம், விசாரணைக்கு ஐந்து நாள் முன்பாகக் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

வாடகை முன்பண வழக்குதான் இங்கே மிகச் சாதாரணமாக வருவது, சட்டமும் குடியிருந்தவர் பக்கம் நல்ல பலமாக இருக்கிறது. வீட்டைக் காலி செய்த 21 நாளுக்குள் பணத்தையோ, பிடித்தத்துக்கான விவரக் கணக்கையோ வீட்டுக்காரர் அனுப்பியாக வேண்டும். வேண்டுமென்றே பிடித்து வைத்தார் என்று நீதிபதி கருதினால், முன்பணத்தைப் போல இரண்டு மடங்கு வரை கூடுதலாக விதிக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல், காலி செய்த பிறகு வீட்டுக்காரர் புகைப்படம் எடுத்து வைப்பதும் கட்டாயம். விசாரணைக்குப் போகும்போது ஆதாரங்களின் நகல் மூன்று செட் தயாராக இருக்கட்டும்: நீதிபதிக்கு ஒன்று, எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று, கையில் ஒன்று. போனில் இருக்கும் குறுஞ்செய்திகளைத் தேதி தெரியும்படி அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனைத் தூக்கிக் காட்டினால் பார்ப்பார்கள், ஆனால் அது வழக்குக் கட்டில் சேராது. பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். முதல் வாக்கியத்திலேயே எவ்வளவு பணம், எதற்காக என்று சொல்லிவிடுவது நல்லது. பூர்வகதை கேட்க யாருக்கும் அங்கே நேரமில்லை.

படிவம் எழுதுவதற்கு முன்பே பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. கவுண்டியின் நுகர்வோர், வணிக விவகாரத் துறை நடத்தும் ஸ்மால் கிளைம்ஸ் ஆலோசகர் சேவை. இலவசம். யார் மீது போடுவது, எந்தக் கட்டடத்தில் போடுவது, எவ்வளவு கேட்பது என்பதையெல்லாம் இவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கோர்ட் கவுண்டரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

ஒடுக்கமான பின்வாசல் தெரிவது தீர்ப்புக்குப் பிறகு. கோர்ட் பணத்தை வாங்கித் தராது. 30 நாள் அப்பீல் காலம் கழியக் காத்திருக்க வேண்டும். பிரதிவாதி தன் சொத்து விவரத்தை எஸ்சி-133 படிவத்தில் அனுப்ப வேண்டும் என்பது விதி, பலர் அனுப்புவதில்லை. அனுப்பாவிட்டால் எஸ்சி-134 மூலம் அவரைக் கோர்ட்டுக்கே வரவழைத்து விசாரிக்கலாம். வங்கிக் கணக்கில் கைவைக்க ஈஜே-130 என்ற ரிட் (தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் கோர்ட் உத்தரவு), அதற்கு 40 டாலர், பிறகு ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தனிக் கட்டணம். எந்த வங்கி என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதும் வாதிதான். இதனால்தான் வீட்டுக்காரரோ காண்டிராக்டரோ கொடுத்த பழைய செக் ஒன்றின் நகல் தங்கம் மாதிரி. பணம் கொடுத்தது நாம் என்றால், மாற்றப்பட்ட செக்கின் பின்பக்கத்தில் அவர் எந்த வங்கியில் போட்டார் என்பது தெரியலாம். தீர்ப்பு பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்கவும் முடியும். உடனே பணம் வராவிட்டாலும், அவருக்குக் கவுண்டியில் வீடோ நிலமோ இருந்தால், தீர்ப்பின் சுருக்கத்தை ஈஜே-001 படிவத்தில் பதிவு செய்து வைக்கலாம். அவர் விற்கவோ மறுகடன் எடுக்கவோ போகும் அன்று அது குறுக்கே நிற்கும்.

சுய உதவி மையங்கள் அடுத்து. டவுன்டவுனில் உள்ள ஸ்டான்லி மாஸ்க் கட்டடம் உட்படப் பல கோர்ட்டுகளில் இவை இருக்கின்றன. விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, பாதுகாப்பு உத்தரவு, பெயர் மாற்றம், கார்டியன்ஷிப் ஆகியவற்றில் படிவம் நிரப்ப உதவுவார்கள். கிரிமினல் வழக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அது பப்ளிக் டிஃபெண்டர் எனும் அரசு வக்கீலின் வேலை. மையங்களில் ஓடியாடி உதவும் இளைஞர்களில் பலர் ஜஸ்டிஸ்கோர் என்ற திட்டத்தில் வந்தவர்கள். 2004-ல் இந்தக் கோர்ட்டில்தான் அது தொடங்கியது.

இந்த மையத்தின் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் வக்கீல் இல்லை. அவரிடம் சொன்னது ரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதியும் இல்லை. காலையில் உங்களுக்கு உதவிய அதே ஆள் மதியம் உங்கள் எதிர்ப்பக்கத்துக்கும் உதவலாம். எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சொல்வார். கேட்கலாமா வேண்டாமா, ஜெயிப்போமா என்று கேட்டால் சொல்ல மாட்டார். சொல்லக் கூடாது என்பது விதி, கடுகடுப்பு இல்லை. ஸ்டான்லி மாஸ்க்குக்கு எதிரே ஃபர்ஸ்ட் தெருவில் இருக்கும் எல்ஏ லா லைப்ரரி தனி நிறுவனம், கோர்ட்டைச் சேர்ந்ததில்லை. மாதிரி மனுக்கள் அடங்கிய புத்தகங்களும் வகுப்புகளும் அங்கே கிடைக்கும். சுய உதவி மையத்தில் வரிசை நீளமாக இருந்தால் தெருவைக் கடந்து அங்கே போவது புத்திசாலித்தனம். மெட்ரோவின் சிவிக் சென்டர் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. காரை எடுத்துப்போனால் பார்க்கிங் செலவு ஸ்மால் கிளைம்ஸ் கட்டணத்தோடு போட்டி போடும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் எஃப்டபிள்யூ-001 படிவம் கொடுக்கலாம். மெடிகால் (மருத்துவம்), கால்ஃபிரெஷ் (உணவு), எஸ்எஸ்ஐ (உதவித்தொகை) போன்ற அரசு உதவி வாங்குகிறவர்கள் அதைக் குறிப்பிட்டாலே போதும். ஐந்து கோர்ட் நாளுக்குள் (விடுமுறை நீங்கலாக) முடிவு வராவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கணக்கு. விவாகரத்து மனுவுக்கு 435 டாலர், பதில் மனுவுக்கும் அதே 435 என்னும்போது இந்த ஒற்றைத் தாளின் மதிப்பு புரியும்.

மொழிபெயர்ப்பாளர் சேவையை ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்காகவாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2015 முதல் கலிஃபோர்னியாவில் சிவில் வழக்குகளுக்கும் கோர்ட் செலவிலேயே மொழிபெயர்ப்பாளர் தர வழி இருக்கிறது. தமிழ் கேட்கலாம். ஆனால் ஸ்பானிஷ், கொரியன், பஞ்சாபி போல மாநிலம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழுக்கு வருகிறவர் 'ரெஜிஸ்டர்டு' வகை. ஆட்களும் குறைவு, சில சமயம் வீடியோவில்தான் பேசுவார். வழக்கு நாள் தெரிந்த உடனேயே ஐஎன்டி-300 படிவத்திலோ கோர்ட்டின் இணையப் பக்கத்திலோ கேட்டுவிட வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் ஸ்பானிஷ்காரருக்கு ஆள் கிடைக்கும், நமக்கு வாய்தாதான் கிடைக்கும். கேட்கும்போது இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா என்பதையும் எழுதிவிடுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சை மதுரைக்காரர் ஆங்கிலத்தில் சொல்லும்போது நுணுக்கம் நழுவலாம், சாட்சியத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மகனையோ மருமகளையோ வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். குடும்ப வழக்கில் அவர்களே சாட்சியாகவும் இருக்கக்கூடும்.

ஜூரி சம்மனில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: குடியுரிமை இல்லை என்று தெரிந்ததும் கடிதத்தைக் குப்பையில் போடுவது. டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் எச்-1பி, கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சம்மன் வரும். ஜூரியாக இருக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ஆகவே அவர்கள் போக வேண்டியதில்லை. ஆனால் இணையத்திலோ தபாலிலோ 'குடிமகன் இல்லை' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். பதிலே இல்லாவிட்டால் 1,500 டாலர் வரை அபராதம் போகலாம். தகுதியில்லாமல் 'குடிமகன்' என்று குறித்துவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து, பின்னாளில் குடியேற்ற மனுவில் அது எழுந்து வந்து நிற்கும். குடிமக்களுக்கு முறை எளிதாகத்தான் இருக்கிறது: ஐந்து நாள் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும், முந்தைய மாலை போனிலோ இணையத்திலோ பார்க்க வேண்டும். அழைத்த ஒரு நாளில் எந்த விசாரணைக்கும் தேர்வாகாவிட்டால் அந்த ஆண்டுக் கடமை முடிந்தது. இரண்டாம் நாளிலிருந்து கோர்ட் நாளொன்றுக்கு 15 டாலர் தரும். முதலாளி வேலையை விட்டு நீக்க முடியாது, சம்பளம் தர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஜூரிக்கு வரவில்லை, உடனே பணம் கட்டு என்று போனில் மிரட்டினால் அது மோசடி. கோர்ட் அப்படிப் போன் செய்வதில்லை.

டிராஃபிக் பக்கம் இணையத்தில் நன்றாகவே ஓடுகிறது. டிக்கெட்டில் இருக்கும் அடிப்படை அபராதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 35 டாலர் அடிப்படை என்றால், மாநில, கவுண்டி கூடுதல் தொகைகள் ஏறி 230-ஐத் தாண்டும். லைசென்ஸ் பதிவில் ஒரு பாயிண்ட் (கரும்புள்ளி) ஏறும் குற்றம், வணிக வாகனம் இல்லை, கடந்த 18 மாதத்தில் டிராஃபிக் ஸ்கூல் என்ற ஓட்டுநர் வகுப்புக்குப் போகவில்லை என்றால் ஸ்கூல் கேட்கலாம். முழு அபராதம், கோர்ட்டின் நிர்வாகக் கட்டணம், பள்ளிக் கட்டணம் மூன்றும் உண்டு, ஆனால் பாயிண்ட் இன்ஷூரன்ஸ் கண்ணில் படாது. எழுத்து மூல விசாரணையும் கேட்கலாம். டிஆர்-205 படிவமும் முழுத்தொகையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், போலீஸ்காரரும் எழுதித்தான் பதில் தருவார். தோற்றால் 20 நாளுக்குள் டிஆர்-220 கொடுத்து நேர் விசாரணை கேட்கலாம், அதாவது இரண்டு வாய்ப்பு. ஆனால் வாதாடித் தோற்ற பிறகு டிராஃபிக் ஸ்கூல் தருவது நீதிபதியின் விருப்பம். வருமானம் குறைவானவர்களுக்கு மைசைட்டேஷன்ஸ் என்ற இணைய வசதியில் தொகையைக் குறைக்கவும் தவணை வாங்கவும் வழியுண்டு. பார்க்கிங் டிக்கெட்டுக்கு இங்கே வரக் கூடாது, அது டிக்கெட் கொடுத்த நகரத்தின் வேலை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் நேரம்தான் எல்லாம். 2025 ஜனவரி 1 முதல் பதில் கொடுக்கப் பத்து கோர்ட் நாள், முன்பு ஐந்துதான். யுடி-105 என்ற பதில் படிவம் போகவில்லை என்றால் நீதிபதி முகத்தைப் பார்க்காமலே தோற்றுவிடலாம். வாடகை பாக்கி உண்மையாகவே இருந்தாலும் பதில் கொடுங்கள். இந்த வழக்குகளின் ஆவணம் முதல் 60 நாள் பொதுப் பார்வைக்கு மூடியிருக்கும். அதற்குள் வீட்டுக்காரர் ஜெயிக்காவிட்டால் மூடியே இருக்கும், அடுத்த வீடு தேடும்போது அது பெரிய உதவி.

விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்று ஊறிப் போயிருக்கிறது. ஆறு மாதம் கழிந்தால் தானாக எதுவும் ஆகாது. இருவரின் சொத்து விவரங்களையும் பரிமாறி, பரிமாறியதற்கான எஃப்எல்-141 படிவத்தைத் தாக்கல் செய்து, தீர்ப்புக்கான காகிதங்களைக் கொடுத்தால்தான் ஆகும். அந்த ஆறு மாதமும் மனு கொடுத்த நாளிலிருந்து ஓடாது, எதிர்ப்பக்கத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடும். திருமணம் திருச்சியில் நடந்திருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் கலிஃபோர்னியாவில் ஆறு மாதமும் இந்தக் கவுண்டியில் மூன்று மாதமும் வசித்திருந்தால் போதும். குழந்தைப் பொறுப்புக்கான சமரசப் பேச்சு கோர்ட்டே இலவசமாக நடத்துகிறது. குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கான டிவி-100 மனு கொடுத்த அன்றோ அடுத்த கோர்ட் நாளிலோ தற்காலிக உத்தரவு பற்றி முடிவு வந்துவிடும், ஷெரிஃப் இலவசமாகவே சேர்ப்பிப்பார். இந்தக் கோர்ட்டின் சேவைகளில் குறை சொல்ல முடியாத வேகம் இதில்தான்.

குறை சொல்லியே ஆக வேண்டியது சுருக்கெழுத்தாளர் (கோர்ட் ரிப்போர்ட்டர்) பற்றாக்குறை. 2022 நவம்பர் முதல் குடும்ப, வாரிசுச் சொத்து வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோர்ட் ரிப்போர்ட்டரைத் தருவதில்லை. சொன்னது எதுவும் வார்த்தைக்கு வார்த்தை பதிவாகாவிட்டால், அப்பீலில் காட்ட ஒன்றும் இருக்காது. 2024 செப்டம்பரில் இந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி சில வழக்குகளில் ஒலிப்பதிவுக்கு வழிவிட்டார், ஆனால் அது எல்லா விசாரணைக்கும் தானாகக் கிடைப்பதில்லை. கட்டண விலக்கு பெற்றவர்கள் எஃப்டபிள்யூ-020 படிவத்தில் இலவச ரிப்போர்ட்டர் கேட்கலாம். மற்றவர்கள் தனியாரை அமர்த்த வேண்டும், செலவு ஸ்மால் கிளைம்ஸ்காரர் கனவிலும் காணாதது.

பெயர் மாற்றம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியலோடு பிறந்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர்கள் இதற்கு வருகிறார்கள். என்சி-100 மனு, 435 டாலர், வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் செய்தித்தாளில் அறிவிப்பு, அதற்குத் தனிச் செலவு. எதிர்ப்பு எதுவும் வராவிட்டால் விசாரணையின்றியே உத்தரவு வரலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம். என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்டு, நீதிபதி முன் உறுதிமொழி எடுக்கும் விழாவில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக நகல்கள். வழக்கு எண் தெரிந்தால் விவரத்தை இணையத்தில் சும்மா பார்க்கலாம், பெயரை வைத்துத் தேடினால் கட்டணம். கவுண்டரில் நகல் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றுக்கு 40 டாலர், விவாகரத்துத் தீர்ப்பின் சான்று நகலுக்கு மட்டும் 15. 2024 ஜூலை 19 அன்று ரேன்சம்வேர் தாக்குதலில் கணினிகள் முடங்கி, 22-ம் தேதி 36 கட்டடங்களும் மூடிக் கிடந்தன. முக்கியமான உத்தரவின் காகிதச் சான்று நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் சொத்துப் பதிவுக்கோ மறுமணத்துக்கோ அந்தத் தாள் தேவைப்பட்டால், கிளார்க்கின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று நகலை சவுத் ஸ்பிரிங் தெருவில் இருக்கும் மாநிலச் செயலர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று) வாங்க வேண்டும். தாளுக்கு 20 டாலர், நேரில் போனால் கையெழுத்துக்கு 6 டாலர் கூடுதல். ஸ்டேப்பிளை மட்டும் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் சான்று செல்லாது என்று திருப்பி அனுப்பலாம்.